வரப்போகிறவர்களும் இருக்கிறவர்களும்

1

‘ஆரோக்கியமான நகரம்’ என்ற சொற்சேர்க்கையை நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். ஆரோக்கியம் உடம்புக்குரிய குணம். நகரத்துக்கு உடம்பு கிடையாது. கல், சுண்ணாம்பு, தார், குழாய், மனிதர்கள் எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடுதான் நகரம். ஆகவே ஒரு நகரம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றால் அதில் வசிக்கிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றுதான் பொருள் கொள்ளவேண்டும். இது பாலபாடம். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாலபாடம் ஆட்டங்கண்டுவிடுகிறது. ஒரு வார்டில் நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் முப்பது பேர் நோயாளிகள். அந்த முப்பது பேரையும் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டால், மீதி எழுபது பேரும் ஆரோக்கியமானவர்கள். வார்டு நூற்றுக்கு நூறு தேறிவிட்டது. ஆனால் ஒருவருக்கும் நோய் குணமாகவில்லை.

அபத்தமான கணக்கு என்று தோன்றலாம். ஆனால் கடந்த நூற்றெண்பது வருஷங்களில் ஆரோக்கியத்தின் பெயரால் போடப்பட்ட நகரத் திட்டங்களில் கணிசமானவை இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்: நாளைய நகரவாசிகளின் நலனுக்காகத் திட்டமிடும்போது, அந்த ‘நாளை’யில் இன்று இருக்கிறவனுக்கு இடம் உண்டா?

எஞ்சினியர்கள் பார்த்துக்கொள்ளவேண்டிய விஷயத்துக்கு இலக்கியப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். திட்டமும் ஒரு புனைவுதான். இன்னும் நடக்காத ஒன்றை நடந்ததுபோல் எழுதிக்காட்டுவது, பாத்திரங்கள் உள்ளது. நாவலாசிரியனைப் பார்த்து ‘உன் பாத்திரங்களுக்கு உயிர் இருக்கிறதா’ என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியைத் திட்டக்காரனிடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு. அவன் எழுதுவது அச்சாகி அலமாரியில் தூங்குவதில்லை, யாருடைய கூரையையோ பிரிக்கிறது என்பதால் நமக்கு அந்தக் கடமையும் உண்டு.

2

நவீன நகர ஆரோக்கியச் சிந்தனையின் பிள்ளையார் சுழி 1842-இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கை. பிரிட்டனின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த சுகாதார நிலைமையைப் பற்றியது. அதில் ஓர் அட்டவணை. மான்செஸ்டரில் கூலித் தொழிலாளியும் அவன் குடும்பத்தாரும் இறக்கும் சராசரி வயது 17. அதே ஊரின் மேல்தட்டுக் குடும்பங்களில் 38. ரட்லண்ட் என்ற கிராமப்புறத்தில் கூலித் தொழிலாளிக்கும் 38. அதாவது கிராமத்துக் கூலிக்காரன் மான்செஸ்டர் கனவானுக்குச் சமமாக வாழ்ந்தான். குழந்தைச் சாவுகள் சராசரியைக் கீழே இழுக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டாலும், அட்டவணை சொல்வதைத் தட்டிக்கழிக்க முடியாது. குடியிருக்கும் இடம் ஆளைக் கொல்கிறது. விதி, பாவம், ஒழுக்கக்கேடு என்று பேசப்பட்டுவந்த ஒன்றைச் சாட்விக் சாக்கடை, குடிநீர்க் குழாய் என்ற தளத்துக்குக் கொண்டுவந்தார். 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இது மகத்தான காரியம். இதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் காலராவைப் பார்த்திராதவர்கள்.

ஆனால் சாட்விக்கின் பார்வையில் நாற்றமே நோய். ஏழையின் பசி அந்தப் பார்வைக்குள் வரவில்லை. இந்தக் குறை எங்கே போய் முடிகிறது என்பதற்கு அவருடைய அபிமானியான டாக்டர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்ஸனின் கனவு நகரம் உதாரணம். 1875-இல் பிரைட்டனில் நடந்த சமூக விஞ்ஞான மாநாட்டில் அவர் ‘ஹைஜியா’ என்றொரு நகரத்தை வர்ணித்தார். அடுத்த வருஷம் அது புத்தகமாக வந்தது. ஒரு லட்சம் ஜனத்தொகை, 20,000 வீடுகள், 4,000 ஏக்கர். நிலவறைகள் கிடையாது. சமையலறை வீட்டின் உச்சியில், புகையும் வாசனையும் கீழே இறங்காமல். மது இல்லை, புகையிலை இல்லை. சுவர்கள் கழுவிவிடக் கூடியவை. படிக்கும்போது ஒரு சந்தேகம் வருகிறது: இந்த ஒரு லட்சம் பேரும் எங்கிருந்து வந்தார்கள்? இருமிக்கொண்டு வந்து சேர்ந்தவர் யாராவது உண்டா? கடனோடு வந்தவர்? ஹைஜியாவில் வசிக்கிறவனுக்கு நேற்று என்பதே கிடையாது. கற்பனை நகரங்களை எழுதிய இலக்கியக்காரர்கள் எல்லோரிடமும் உள்ள பலவீனம்தான் இது. அவர்களுடைய நகரங்களைப் பின்பற்றி யாரும் இடிக்கப் புறப்படவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

இடித்தது பம்பாயில். 1896-இல் அங்கே பிளேக் வந்தது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெரிசலான பேட்டைகளை ஊடறுத்து, கடற்காற்று உள்ளே வரும்படி அகலமான சாலைகள் போடுவது அதன் முக்கியத் திட்டங்களில் ஒன்று. கெட்ட காற்று நோயைத் தருகிறது, ஆகவே நல்ல காற்றை விடு என்பது சித்தாந்தம். அதே 1898-இல், கராச்சியில், பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக்கை எலியிடமிருந்து எடுத்துச் செல்வது தெள்ளுப்பூச்சி என்று பரிசோதனை செய்து காட்டினார். அதை உலகம் ஏற்றுக்கொள்ளச் சில வருஷங்கள் பிடித்தன. தெள்ளுக்கும் கடற்காற்றுக்கும் சம்பந்தம் இல்லை. வீடிழந்தவர்கள் பக்கத்துப் பேட்டைகளில் போய் அடைந்தார்கள். அங்கே நெரிசல் கூடியது. சேரிப் பிரச்னையைத் தீர்க்க முதலாளி வர்க்கத்துக்குத் தெரிந்த வழி அதை வேறிடத்துக்கு நகர்த்துவதுதான் என்று எங்கெல்ஸ் 1872-லேயே எழுதிவிட்டார். எங்கெல்ஸை ஒத்துக்கொள்ளாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் அவரை மறுப்பது சிரமம்.

பம்பாயிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் விஞ்ஞானம் பொய் என்பது அல்ல. ஆரோக்கியத்தைப் பற்றிய நம் அறிவு இருபது முப்பது வருஷங்களில் மாறுகிறது. இடித்த வீடு திரும்புவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் திட்டத்தின் தார்மீகப் பிரச்னை இருக்கிறது.

3

இந்த மரபின் உள்ளே இருந்துகொண்டே அதை எதிர்த்தவர் ஒருவர் இருந்தார்: பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லண்டுக்காரர், தாவரவியலாளர், ஹக்ஸ்லியிடம் படித்தவர். கல்யாணமான புதிதில் எடின்பரோவின் பழைய நகரத்தில், சேரியாகிப்போன ஒரு கட்டிடத்தில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு அந்த இடத்தைச் சீர்செய்வதில் தன் நகர சாஸ்திரத்தைத் தொடங்கினார். 1914-இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையின் மேல் குண்டு போட்டு நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்பியவற்றைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதையொட்டி மாகாணத்து ஊர்கள் சிலவற்றைப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூரும் மதுரையும் அவற்றில் உண்டு.

அவருடைய முறை எளிமையானது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடப்பது. எந்த வீடு ஒழுகுகிறது, எது பாழ், எந்தக் கிணறு உபயோகத்தில் இருக்கிறது, எந்த மரத்தடியில் பெண்கள் உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொள்வது. அதற்குப் பிறகுதான் பென்சில். நகராட்சி எஞ்சினியர் நேர்கோடாக ஒரு சாலையைப் போட்டு ஐம்பது வீட்டை இடிக்கச் சொன்ன இடத்தில், கெடிஸ் பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சின்ன முற்றமாக்கி ஒரு மரம் வைக்கச் சொல்வார். செலவும் குறைவு என்று கணக்கோடு காட்டுவார். வைத்தியரின் பாஷையில் இதற்குப் பெயர் வைத்தார்: காக்கும் அறுவை. நோய் இன்னதென்று தெரிந்துகொள்வதற்கு முன் கத்தியை எடுக்காதே என்பது அதன் சாரம். எல்லோருக்கும் தெரிந்த இந்த வைத்திய நியாயத்தை நகர விஷயத்தில் யாரும் கடைப்பிடிக்கவில்லை என்பதுதான் அவருடைய முறையீடு.

1917-இல் இந்தூரில், பிளேக் பயம் இருந்த நாட்களில், தீபாவளி ஊர்வலத்தை அவர் நடத்திய கதை பிரசித்தம். ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கின்றனவோ அவற்றின் வழியாகப் போகும் என்று அறிவித்தார். ஊரே விளக்குமாற்றைக் கையில் எடுத்தது. அழுக்கை ராட்சசனாகவும் பிளேக்கைப் பெரிய எலியாகவும் செய்து கொண்டுபோனார்கள். துப்புரவுத் தொழிலாளிகள் வெள்ளை உடுத்தி ஊர்வலத்தில் வந்தார்கள். அன்னா இந்தியாவிலேயே காய்ச்சலில் இறந்ததும், மகன் பிரான்ஸ் போர்முனையில் இறந்ததும் அதே 1917-இல்தான். ஆரோக்கியம் என்ற சொல் அந்த மனிதருக்கு வெறும் துறைச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

கெடிஸைக் கும்பிடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மறுநாள் காலையில் வெள்ளைத்துணியைக் கழற்றிவைத்துவிட்டு அதே ஜாதிக்காரர்கள் அதே விளக்குமாற்றைத்தான் எடுத்திருப்பார்கள். தெருவின் உயிர்ப்பைப் பார்த்த கண், தெரு எந்த ஜாதியினுடையது என்ற கேள்வியில் நெடுநேரம் தங்கவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் ரிச்சர்ட்ஸனுக்கு நேர் எதிர். கெடிஸின் ‘நாளை’யில் வசிப்பவர்கள் அந்தத் தெருவில் இன்று வசிக்கும் அதே ஆட்கள்.

4

இனி நம் ஊர். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. இந்தப் பெயரின் மேல் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். இங்கிலீஷ் பெயரில் இருந்தது ‘அகற்றுதல்’ என்று பொருள்படும் சொல். தமிழில் ‘மாற்று’ என்று வைத்தார்கள். குடிசை மாறும், ஆள் மாறமாட்டான் என்ற நல்ல அர்த்தம் அதில் இருந்தது. முதல் வருஷங்களில் வாரியம் செய்ததும் ஓரளவு அதுதான். குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடி கட்டி, அவர்களையே குடிவைத்தார்கள். வீடுகள் சிறியவை, கட்டுமானம் சுமார், பராமரிப்பு அதைவிட மோசம். ஆனால் முகவரி அதேதான். 1977-இலிருந்து உலக வங்கிக் கடனில் வேறொரு முறை வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் மனையும் குழாயும் பாதையும் கொடுத்து, வீட்டை அவரவர் கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். பழைய குடிசைப் பகுதிகள் பலவற்றில் இடிக்காமல் தண்ணீரும் கழிப்பிடமும் விளக்கும் கொடுத்தார்கள். கெடிஸ் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

மூன்றாவது முறை 2000-க்குப் பிறகு. ‘மாற்று’ என்ற சொல்லுக்கு இப்போது இடமாற்றம் என்று அர்த்தம். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு. பெரும்பாக்கத்தில் மட்டும் எட்டு மாடித் தொகுதிகளில் 20,000-க்கு மேற்பட்ட வீடுகள். 2021-இல் வாரியத்தின் பெயர் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று ஆனது. குடிசை என்ற சொல் போய்விட்டது. ‘மாற்று’ என்ற சொல்லும் போய்விட்டது.

ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் நல்ல காரணம். நதிகளைச் சுத்தம் செய்யவேண்டும். வெள்ளத்தில் ஜனங்கள் சாகக்கூடாது. யார் மறுக்கமுடியும்? ஆனால் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில். 2015-இல் அங்கே தண்ணீர் நின்றது. 2023 டிசம்பர் புயலிலும் நின்றது. ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட அந்தச் சதுப்பைத் தின்றது ஏழையின் வீடு மட்டும் அல்ல. பெருங்குடியின் குப்பைக் கிடங்கும், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டிடங்களும் அதில் பங்கு பெற்றவைதான். ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டுச் சதுப்பின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் ஒரு சாரார் மட்டுமே.

கண்ணகி நகர் என்ற பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிழைப்புக்காக ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்துக்குப் போய், அந்த நகரம் விசாரிக்காமல் அளித்த தீர்ப்பால் எல்லாவற்றையும் இழந்தவள் கண்ணகி. பெயர் வைத்தவர் சிலப்பதிகாரத்தைக் கடைசிவரை படிக்காதவராக இருக்கவேண்டும், அல்லது மிக நன்றாகப் படித்தவராக இருக்கவேண்டும். அந்தக் காவியத்துப் புகாரிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. அரச வீதியும் பெருவணிகர் வீதியும் பட்டினப்பாக்கத்தில். கைவினைஞரும் மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் மருவூர்ப்பாக்கத்தில். இரண்டுக்கும் நடுவே நாளங்காடி. பாக்கம் இரண்டானாலும் நகரம் ஒன்று. கடைக்குப் போக இருபது கிலோமீட்டர் பஸ் பிடிக்கவேண்டியிருக்கவில்லை.

நான் வங்கியில் கவுண்ட்டரில் உட்காருகிறவன். முகவரி மாற்ற விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வரும். மந்தைவெளிப் பக்கம் நாலு வீட்டில் வேலை செய்யும் ஓர் அம்மாள், பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் புதிய முகவரிச் சான்றோடு வந்தார். வேலை பழைய இடத்தில்தான்; விடியற்காலை பஸ். போக வர மூன்று மணி நேரம் ஆகிறது, நாலு வீடு இரண்டு வீடாகிவிட்டது என்றார். கணக்கை அங்கே பக்கத்துக் கிளைக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். “வேணாம் சார். கணக்காவது இங்கயே இருக்கட்டும்” என்றார்.

இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்த அம்மாளின் புதிய வீட்டில் தனிக் கழிப்பறை உண்டு. பழைய வீட்டில் கிடையாது. சுகாதார அட்டவணையில் அவர் முன்னேறியவர். ஆனால் குறைந்துபோன இரண்டு வீட்டுச் சம்பளமும், தூக்கத்தில் குறைந்த நேரமும், சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டுக்காரி இப்போது வேறு தொகுதியில் வேறு மாடியில் இருப்பதும் எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் ஏறும்? பேரேட்டில் பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதினால் எந்தக் கணக்கும் லாபம்தான் காட்டும்.

5

“அப்படியானால் அவர்கள் கூவத்தின் கரையிலேயே கிடக்கட்டும் என்கிறாயா?” என்ற கேள்வி நியாயமானது. இல்லை. சாக்கடையோரம் வாழ்வதில் அழகு எதுவும் இல்லை. குடிசையின் ‘உயிர்த்துடிப்பு’ பற்றி ஏர்கூலருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எழுதுவது ஒரு வகை அயோக்கியத்தனம். இருக்கிறவர்களை இருக்கிறபடியே விட்டுவிடுவதும் அவர்களை நாளையிலிருந்து விலக்கிவைப்பதுதான். சாட்விக்கின் 17 என்ற எண்ணை மறந்துவிட்டுப் பேசுகிற எந்தக் கலாசார விமர்சனமும் பொறுப்பற்றது.

இன்னொன்றையும் நமக்குள்ளேயே பேசிக்கொள்ளவேண்டும். நம் புதுக்கவிதை நகரத்தை ஒரு வியாதியாகவே பார்த்துப் பழகிவிட்டது. புழுதி, நெரிசல், முகமற்ற கூட்டம், அந்நியமாதல். இவற்றுக்கு எதிரில் ஒரு கிணற்றடி, ஒரு வேப்பமரம், விட்டுவந்த ஊர். விட்டுவந்த ஊரில் மேலத்தெருவில் வீடு இருந்தவனுக்குத்தான் இந்த ஏக்கம் சாத்தியம். கிராமத்தை இந்திய வாழ்வின் ஆதாரமாகப் போற்றியவர்களை எதிர்த்து 1948 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசியது நினைவிருக்கவேண்டும். ஊரில் சேரியென்று தள்ளிவைக்கப்பட்டவனுக்கு நகரத்தின் ‘முகமற்ற கூட்டம்’ ஒரு விடுதலை. அந்தக் கூட்டத்தில் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை. மூச்சு முட்டுகிறது என்று நாம் எழுதிய அதே இடத்தில் அவன் முதல்முறையாக மூச்சு விட்டான்.

இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் மூன்றாவது முறையின் தீங்கு முழுசாகப் புலப்படுகிறது. அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் தலித்துகள். ஊரிலிருந்து விலகி, தாழ்ந்த நிலத்தில், ஒரே தரத்தவர் மட்டும் வாழும் தனிக் குடியிருப்பு. வேலைக்கு மட்டும் ஊருக்குள் வந்து போகும் ஏற்பாடு. இதற்கு நம் மொழியில் ஏற்கனவே ஒரு சொல் உண்டு. எந்தச் சேரியிலிருந்து தப்பித்து அவர்களுடைய பாட்டனார் பட்டணத்துக்கு ரயிலேறினாரோ, அந்தச் சேரியைக் கான்கிரீட்டில் எட்டு மாடியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பெரும்பாக்கத்து முகவரியைச் சொல்லத் தயங்குகிறவர்களை நான் கவுண்ட்டரில் பார்க்கிறேன்.

6

எதிர்காலச் சந்ததிக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கடமை விசித்திரமானது. டெரெக் பார்ஃபிட் 1984-இல் எழுதிய நூலில் ஒரு புதிரை எழுப்பினார். இன்று நாம் தேர்ந்தெடுக்கும் கொள்கை நாளை யார் பிறக்கிறார்கள் என்பதையே மாற்றிவிடும். ஆகவே மோசமான கொள்கையின் கீழ் பிறந்தவன் ‘எனக்குத் தீங்கு செய்துவிட்டீர்கள்’ என்று சொல்லமுடியாது, வேறு கொள்கை இருந்திருந்தால் அவனே பிறந்திருக்கமாட்டான். தத்துவவாதிகள் இதோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் நகரங்களில் ஆள் மாறுவதற்குத் தலைமுறைகள் தேவைப்படுவதில்லை. ஒரு லாரி போதும். நதிக்கரையில் பூங்கா வருகிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர் ஆரோக்கியமாக இருக்கிறார். நேற்று அங்கே இருமிக்கொண்டிருந்தவர் அவர் அல்ல.

வரப்போகிறவன் திட்டக்காரனுக்குச் சௌகரியமானவன். அவன் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்கமாட்டான். ரேஷன் கார்டைத் தூக்கிக் காட்டமாட்டான். கோர்ட்டுக்குப் போகமாட்டான். அவன் பெயரால் எதை வேண்டுமானாலும் செய்யலாம், அவன் மறுப்புச் சொல்லப்போவதில்லை. வங்கியில் இன்னும் கணக்குத் தொடங்காத ஒருவருடைய நன்மைக்காக, இருக்கிற கணக்குதாரரின் இருப்பில், அவர் கையெழுத்து இல்லாமல் பற்று வைத்தால் அதற்குப் பெயர் மோசடி. நகரத்தில் அதற்குத் தொலைநோக்கு என்று பெயர்.

1986-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆரோக்கிய நகரங்கள் இயக்கம் தொடங்கியபோது, அதற்கு அடிப்படை வகுத்த டிரெவர் ஹான்காக்கும் லெனார்ட் டூலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இன்ன அளவு ஆரோக்கியத்தை எட்டிவிட்ட நகரம் ஆரோக்கிய நகரம் என்று அவர்கள் இலக்கணம் சொல்லவில்லை. தன்னை இடைவிடாமல் மேம்படுத்திக்கொண்டு, மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ வழிசெய்யும் நகரம் என்றார்கள். முடிந்த படத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கும் செயலைப் பார்க்கச் சொன்னார்கள். இந்த இலக்கணப்படி, ஆளைக் கழித்து அடையும் ஆரோக்கியம் கணக்கில் சேராது.

சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் 2008-இல் வந்தது. அது கண்ட எதிர்காலத்தின் எல்லை 2026. அடுத்த திட்டம் 2046 வரை பார்க்கவேண்டியது. அதைக் கையில் எடுக்கிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பக்கத்தில் இருக்கும் ஆட்கள் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறார்களா? நாம் நம்புகிற விஞ்ஞானம் நாளை தப்பென்று தெரிந்தால், செய்ததைத் திருத்திக்கொள்ள வழி விட்டிருக்கிறோமா? இந்த இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய திட்டம் அடக்கமானதாக, மெதுவானதாக, படம் போட்டு மாட்ட லாயக்கற்றதாக இருக்கும். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பட்டா, ஒரு முற்றம், இருந்த இடத்திலேயே கட்டிய ஒரு நல்ல வீடு என்று போகும். நகரம் தேறியிருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் நதியின் நிறத்தைப் பார்க்குமுன், அதன் கரையில் போன வருஷம் இருந்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.